கதவு திறந்தது, கருவூலம் திறக்கவில்லை!

சட்டம் செய்வது எளிது. செலவு செய்வதுதான் கடினம்! மேடையிலே முழங்கக் காசு வேண்டியதில்லை. ஏட்டிலே எழுத மை போதும். எழுதியதை நடத்திக் காட்டவோ பணம் வேண்டும். பணம் கொடுக்க மனம் வேண்டும். அந்த மனம் ஓர் அரசுக்கு உண்டா இல்லையா என்பதை, அது இயற்றிய சட்டத்தைப் படித்து அறிய இயலாது. அது ஒதுக்கிய தொகையைப் படித்தே அறிய வேண்டும்.

மக்களாட்சியின் மாண்பை மற்றவர்க்குப் போதிக்கும் நாடு அமெரிக்கா. நிலவிலே கால் வைத்த நாடு. செல்வத்திலே சிறந்த நாடு. அந்த நாடு, கண் தெரியாத பிள்ளைக்கும், காது கேளாத பிள்ளைக்கும், கால் வழங்காத பிள்ளைக்கும், அறிவு வளர்ச்சி மெதுவான பிள்ளைக்கும் பள்ளிக் கதவைத் திறந்துவிடுவதாக 1975ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஒரு சட்டம் இயற்றிற்று. குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு கையொப்பமிட்டார். 1990இல் அச்சட்டம் 'ஊனமுற்றோர் கல்விச் சட்டம்' என்று புதுப்பெயர் பெற்றது. ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும், அதன் தேவைக்கு ஏற்ற கல்வியை, ஊர்ப் பொதுப் பள்ளி கட்டணமின்றித் தந்தே தீர வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. தக்க சட்டம், தலைவணங்க வேண்டிய சட்டம்!

ஆனால் அச்சட்டத்தோடு ஒரு வாக்குறுதியும் பிறந்தது. கூடுதல் செலவைத் தாங்க நடுவண் அரசு தோள் கொடுக்கும். நாட்டில் ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை, ஊனமுற்ற குழந்தை ஒவ்வொன்றுக்கும் வாஷிங்டன் தரும் என்றார்கள். அந்த நாற்பது ஒரு நாளும் வரவில்லை. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டத்தின் பொன்விழா 2025இல் வந்து போயிற்று. வாக்களித்த நாற்பது மட்டும் வந்தபாடில்லை!

இந்தக் கடனைத்தான் அமெரிக்க நாட்டுப் பள்ளி வாரியங்கள் ஆண்டுதோறும் வாஷிங்டனின் வாசலிலே நின்று கேட்கின்றன. கேட்பது முறையா? முறைதான். எப்படிக் கேட்க வேண்டும்? யாருக்காகக் கேட்க வேண்டும்? அதுதான் நாம் ஆராய வேண்டியது.

வாரியம் என்பது யாது?

தோழர்களே! அமெரிக்கக் கல்வியின் அமைப்பை அறிந்தாலன்றி இந்த வழக்கு விளங்காது. அங்கே பள்ளிகளை ஆள்வது வாஷிங்டன் அன்று. நாடு முழுவதும் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம். அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்களால் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, உழவர், வழக்கறிஞர் என ஊராரே வாரியம். ஆசிரியரை அமர்த்துவது அவர்கள்; கட்டடம் கட்டுவது அவர்கள்; வரவு செலவுத் திட்டம் வகுப்பதும் அவர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஊரார் கட்டும் சொத்து வரி ஒரு பெரும் பங்கு. மாநில அரசின் பணம் மற்றொரு பெரும் பங்கு. நடுவண் அரசின் பங்கோ, வழக்கமான ஆண்டுகளில் பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கும். மாளிகை நிறைந்த ஊரில் வரி கொழிக்கும். குடிசை நிறைந்த ஊரில் வரி மெலியும். டெக்சாசு மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், மெக்சிக வழிவந்த ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் மாவட்டத்தார் இந்த அநீதியை எதிர்த்து வழக்காடினார்கள். 1973இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களைக் கைவிட்டது. கல்வி, அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அன்று என்று அந்த ஐவர் அறைந்தனர்.

அடித்தளமே கோணலாக அமைந்த அந்த வீட்டின் மீதுதான் சிறப்புக் கல்வி என்னும் மாடியைக் கட்டச் சொல்லி 1975இல் ஆணை பிறந்தது.

வாரியத்தின் பழைய முகம்

இன்று உரிமைக்குரல் எழுப்பும் வாரியங்களின் வரலாறு ஒரே வெண்மையானது என்று எண்ணிவிடாதீர்! கறை உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்றோர் ஊர். அவ்வூர்ப் பள்ளியில் ஒரு சிறுவன். பிறவியிலேயே உடற்குறை, பேச்சுத் தடை, வாயோரம் எச்சில் வழியும். ஆனால் பாடத்திலே பின்தங்கியவன் அல்லன். அவனைப் பள்ளி வாரியம் வெளியேற்றியது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1919இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சிறுவனைக் கண்டால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மனம் சோர்வுறுகிறதாம், அருவருப்பு உண்டாகிறதாம்! அவன் கண்ணீர் எவர் மனத்தையும் சோர்வுறச் செய்யவில்லை போலும்!

ஓர் ஊரின் கதை அன்று இது. 1975இல் சட்டம் இயற்றும்போது அமெரிக்க நாடாளுமன்றமே கணக்கெடுத்து எழுதியது: நாட்டில் ஊனமுற்ற குழந்தைகள் 80 லட்சத்துக்கு மேல், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்குத் தக்க கல்வி இல்லை, 10 லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளியிலிருந்து அடியோடு விலக்கப்பட்டிருந்தனர். பத்து லட்சம்! அத்தனை பேருக்கும் பள்ளியின் வாசற்படி எட்டாத மலை.

அந்த நாட்டின் தலைநகரிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1971-72 கல்வி ஆண்டில், ஊனமுற்ற குழந்தைகள் 12,340 பேர்க்குக் கல்வி வழங்க இயலாது என்று தலைநகர்க் கல்வி வாரியமே அறிக்கை கொடுத்திருந்தது. காரணம் என்ன? பணமில்லை! வழக்கு மன்றம் ஏறிற்று. நீதிபதி ஜோசப் வாடி 1972இல் தீர்ப்பு எழுதினார். பணம் போதவில்லையெனில், இருக்கும் பணத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் நேர்மையாகப் பங்கிடு. பற்றாக்குறையின் பாரத்தை ஊனமுற்ற குழந்தையின் தலையில் மட்டும் ஏற்றாதே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எவ்வளவு எளிய நீதி! ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று பிடி சோறுதான் உண்டென்றால், தாய் என்ன செய்வாள்? ஐவர்க்கும் குறைத்துப் படைப்பாள். நொண்டிப் பிள்ளையை மட்டும் பட்டினி போட்டுவிட்டு மற்ற நால்வர்க்கும் வயிறு நிறையப் படைப்பவளைத் தாய் என்று எவரேனும் அழைப்பரோ?

நாற்பதின் கதை

அந்த நாற்பதுக்கு வருவோம். கணக்கை எளிதாகவே சொல்கிறேன். கரும்பலகையிலே எழுதிக் காட்டுவதைப் போல.

ஒரு மாணவனுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 100 டாலர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊனமுற்ற மாணவனுக்கு அதைப்போல் இரு மடங்கு ஆகும் என்பது அந்நாளைய மதிப்பு. பேச்சுப் பயிற்சி தருவோர் வேண்டும். தொட்டுப் படிக்கும் பிரெய்ல் நூல் வேண்டும். சைகை மொழி அறிந்தவர் வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் பேருந்து வேண்டும். குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். ஆகக் கூடுதலாக ஒரு நூறு. அந்த நூற்றிலே நாற்பதை நான் தருவேன் என்றது வாஷிங்டன். ஒரே நாளில் இல்லை, படிப்படியாக. 1978இல் ஐந்து, 1979இல் பத்து, 1980இல் இருபது, 1981இல் முப்பது, 1982இல் நாற்பது. சட்டத்திலேயே எழுதிய படிக்கட்டு அது!

முதல் இரண்டு படிகளோடு ஏற்றம் நின்றது. 1982 வந்தது, நாற்பது வரவில்லை. 2004இல் சட்டத்தைத் திருத்தினர். மீண்டும் ஒரு படிக்கட்டு! ஆண்டுக்காண்டு உயர்த்தி 2011இல் 2,600 கோடி டாலரைத் தாண்டும்வரை தரலாம் என்று தொகையைத் தெளிவாகவே எழுதினார்கள். 2011 வந்தது, 2,600 கோடி வரவில்லை. இன்று நாடெங்கும் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் ஏறத்தாழ 75 லட்சம் பேர். பொதுப் பள்ளி மாணவரில் நூற்றுக்குப் பதினைவர். அவர்களுக்காக நடுவண் அரசு தருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 2,000 டாலர்கூட இல்லை. நாற்பது என்று சொன்ன நாக்கு, பதினைந்தைக்கூட எட்டாமல் தடுமாறுகிறது!

கையொப்பமிட்டதையொட்டி ஃபோர்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். நடுவண் அரசால் நிறைவேற்ற முடிந்ததற்கு மேல் இச்சட்டம் வாக்களிக்கிறது என்பது அதன் கருத்து. நிறைவேறாது என்று தெரிந்தே எழுதிய வாக்குறுதிக்கு என்ன பெயர்? கடன் பத்திரம் எழுதும்போதே திருப்பித் தரும் எண்ணம் இல்லாதவனை ஊர் எந்தப் பெயரிட்டு அழைக்கும்? அந்தப் பெயரை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பணமே இல்லையா? இல்லை என்று சொல்ல முடியாதபடி ஒரு சாட்சி இருக்கிறது. 2009இல் பொருளாதாரம் சரிந்தபோது மீட்புச் சட்டம் ஒன்று வந்தது. அதிலே சிறப்புக் கல்விக்கென 1,100 கோடி டாலருக்கு மேல் கூடுதலாக ஒதுக்கினார்கள். அவ்வேளை நடுவண் அரசின் பங்கு மூன்றில் ஒன்றை எட்டிற்று. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை! கருவூலம் கவிழ்ந்துவிடவில்லை! அந்தத் தொகை தீர்ந்ததும் பழைய குறுக்கத்துக்கே திரும்பினார்கள். கொடுக்க முடியும் என்பதைக் காட்டியவர்களும் அவர்களே. கொடுக்க மாட்டோம் என்பதைக் காட்டியவர்களும் அவர்களே.

ஆக்கிரமிப்பாளன் யார்?

நாற்பது வராததால் செலவு நின்றுவிடுமா? நிற்காது. சட்டம் கட்டாயம், உதவி மட்டுமே விருப்பம். பேச்சுப் பயிற்சியாளர்க்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். பேருந்து ஓடியே ஆக வேண்டும். எனவே வாரியம் பொது நிதியில் கை வைக்கிறது. இசை ஆசிரியர் போகிறார், நூலகர் போகிறார், முப்பது பேர் இருந்த வகுப்பிலே முப்பத்தைந்து பேர் அமர்கிறார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தையே பாருங்கள். 1919இல் சிறுவனை வெளியேற்றிய அதே மாநிலம். அங்கே சிறப்புக் கல்விச் செலவில் மாநில அரசு ஈடுசெய்த பங்கு பல்லாண்டுகளாக மூன்றில் ஒன்றுக்கும் கீழே கிடந்தது. வாரியமே சொத்து வரியை உயர்த்திக்கொள்ளலாமோ என்றால், 1993இலிருந்து மாநிலச் சட்டம் வருவாய்க்கு உச்சவரம்பு கட்டிவிட்டது. அவ்வரம்பைத் தாண்ட வேண்டுமெனில் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதாவது, சட்டம் தந்த உரிமைக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று அண்டை வீட்டாரிடம் ஆண்டுதோறும் கைகட்டி நிற்க வேண்டும்! அம்மாநிலப் பள்ளி வாரியங்கள் இடைவிடாது குரல் கொடுத்தன. பெற்றோரும் ஆசிரியரும் உடன் நின்றனர். 2023-25 வரவு செலவுத் திட்டத்தில் ஈட்டுத் தொகையை 33.3 விழுக்காடாக வைத்தனர். 2025-27 திட்டத்தில் முதலாண்டு 42, மறு ஆண்டு 45 என்று இலக்கு உயர்ந்தது. இலக்கு கைக்கு வந்து சேரும்வரை விழித்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. கேட்டால்தான் கிடைக்கிறது என்பதும் உண்மை.

இந்தப் பற்றாக்குறை பணத்தை மட்டுமா தின்கிறது? மனத்தையும் தின்கிறது! கலிபோர்னியா மாநிலத்துப் பள்ளிக் கணக்கர்களிடையே ஒரு சொல் நெடுங்காலமாக வழங்கி வந்தது. சிறப்புக் கல்விக்காகப் பொது நிதியிலிருந்து எடுக்கும் தொகைக்கு அவர்கள் இட்ட பெயர் 'என்க்ரோச்மென்ட்'. பொருள் என்ன தெரியுமா? ஆக்கிரமிப்பு! பிறர் நிலத்தில் வேலி போடுபவனைக் குறிக்கும் சொல்!

தன் ஊரில், தன் பெற்றோர் வரி கட்டிய பள்ளியில், தன் இருக்கையில் அமரும் குழந்தை ஆக்கிரமிப்பாளனாம்! நாற்பது தருவதாகச் சொல்லிவிட்டுப் பதினைந்தும் தராமல் விட்டவன் பெருந்தகையாளனாம்! சொல்லிலேயே அநீதி குடியேறிவிட்டால் சிந்தனை எப்படி நேர்ப்படும்? தன் பிள்ளையின் இசை வகுப்பு நின்றுபோன தாய், வாஷிங்டனைக் கோபிப்பதில்லை. வாஷிங்டன் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த வீட்டுச் சக்கர நாற்காலிதான் தெரிகிறது. அந்த ஒரு பிள்ளைக்கு இத்தனையா என்று முணுமுணுக்கிறாள். ஏழையையும் ஏழையையும் மோதவிட்டு மேலிருந்து வேடிக்கை பார்ப்பது ஆதிக்கத்தின் பழைய வித்தை. பெற்றோரையும் பெற்றோரையும் மோதவிடுவது அதன் புதிய பதிப்பு.

ஊனமுற்ற குழந்தையைக் கண்டால் முன்வினை என்பான் நம் நாட்டு வைதீகன், முற்பிறவிப் பாவம் என்பான், பெற்றவளையே பழிப்பான். அங்கே பள்ளி நிதிக் கணக்கில் முன்வினை என்று எவரும் எழுதுவதில்லை; நிதி நிலைமை என்று எழுதுகிறார்கள். பெயர்தான் வேறு. பலன் என்ன? இரண்டிலும் குழந்தை வெளியே நிற்கிறது. இரண்டிலும் பழி எவர் மேலும் விழுவதில்லை. விதியை எழுதியவன் கண்ணுக்குத் தெரியான். ஆனால் வரவு செலவுத் திட்டத்தை எழுதியவனுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, அடுத்த தேர்தலும் உண்டு! ஆகவே இந்த 'விதி'யை மாற்ற முடியும்.

மறுப்பாளர்க்கு மறுமொழி

வாரியங்கள் கேட்கின்றன. 1940இல் தோன்றிய தேசியப் பள்ளி வாரியங்கள் சங்கம், நாற்பதை முழுமையாகத் தருக என்பதைத் தன் நீங்காக் கோரிக்கையாக வைத்திருக்கிறது. முழு நிதி தரும் மசோதா நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது, இரு கட்சியாரும் அதில் கையொப்பம் இடுகிறார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள், மசோதா மட்டும் சட்டமாவதில்லை. ஏன் என்று கேட்டால் மூன்று விடைகள் வரும்.

முதல் விடை: கல்வி மாநிலத்தின் பொறுப்பு, நடுவண் அரசு ஏன் தர வேண்டும்?

மாநிலத்தின் பொறுப்பு என்றால் ஆணை மட்டும் வாஷிங்டனிலிருந்து வந்தது ஏன்? கட்டளை இடுவதற்கு மட்டும் நடுவண் அரசு, கட்டணம் கொடுப்பதற்கு ஊராரா? விருந்துக்கு அழைப்பிதழ் அனுப்பியவனே உலைக்கு அரிசி போட வேண்டும். மாநிலங்களுக்கே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அந்தப் பத்து லட்சம் குழந்தைகளே சான்று. ஆணையும் வேண்டும், அதற்குரிய பணமும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுவது கயமை.

இரண்டாம் விடை: தேவையில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் சிறப்புக் கல்வி என்று முத்திரை குத்துகிறார்கள், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் செலவு குறையும்.

கட்டுப்படுத்திப் பார்த்த மாநிலம் ஒன்றுண்டு. டெக்சாசு மாநிலக் கல்வித் துறை 2004இல் ஓர் அளவுகோல் வகுத்தது. ஒரு மாவட்டத்து மாணவரில் 8.5 விழுக்காட்டினரே சிறப்புக் கல்வியில் இருக்கலாம். அதைத் தாண்டிய மாவட்டம் தணிக்கைக்கும் கண்டிப்புக்கும் ஆளாகும். எந்த மருத்துவர் கண்டறிந்த எண் அது? எந்த ஆராய்ச்சி தந்த எண்? எதுவும் இல்லை. விளைவோ விரைவில் தெரிந்தது. ஏறத்தாழ பன்னிரண்டாக இருந்த விழுக்காடு எட்டரையை ஒட்டி இறங்கிற்று! பிள்ளைகளின் காது கேட்கத் தொடங்கிவிட்டதா? பார்வை திரும்பிவிட்டதா? இல்லை. விண்ணப்பங்கள் திரும்பின, பெற்றோர் திரும்பினர். 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளேடு இதை அம்பலப்படுத்தியது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் அந்த வரம்பைத் தடை செய்தது. 2018 சனவரியில் நடுவண் கல்வித் துறையும், டெக்சாசு சட்டத்தை மீறியதென்று தீர்ப்புரைத்தது. பதினான்கு ஆண்டுகள்! ஒரு குழந்தை மழலை வகுப்பில் நுழைந்து பள்ளியையே முடித்து வெளியேறும் காலம். அந்தக் காலத்தை எந்தத் தணிக்கையாளர் திருப்பித் தருவார்?

மூன்றாம் விடை: செலவிட்டு என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் வகுப்பறைக்கு அழைக்கிறேன். எழுத்தறிவித்தவனுக்கு அதன் பயன் தெரியும். ஒரு சொல்லைத் தானாகப் படித்து முடித்த பிள்ளையின் முகத்திலே தோன்றும் ஒளியை எந்தத் தராசில் நிறுப்பது? சரி, தராசையே விரும்புவோர்க்குத் தராசின் மொழியிலும் சொல்லலாம். படிக்க வைக்காத பிள்ளை வளர்ந்து பெரியவனாகிறான். வேலையின்றி, பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறான். பத்தாண்டுச் செலவை மிச்சம் பிடித்து ஐம்பதாண்டுச் செலவை வாங்கிக்கொள்வதா சிக்கனம்? ஆனால் இலாபத்தால் மட்டும் அளந்து உரிமை வழங்குவதை நாம் ஏற்கலாகாது. இலாபம் வராத குழந்தைக்கும் கல்வி உரிமை உண்டு. மனிதன் என்பதே அதற்குப் போதிய தகுதி.

வாரியங்களுக்கு ஒரு வார்த்தை

வாரியங்களின் கோரிக்கை நேரியது. ஆனால் கோருவோர் கையும் தூய்மையாக இருக்க வேண்டுமல்லவா?

அயோவா மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் என்றொரு நகரம். விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, சுவாசக் கருவியால் உயிர்வாழும் ஒரு மாணவன். பள்ளி நேரத்திலே அவனருகில் செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும். செலவு மிகுதி, நாங்கள் தர இயலாது என்று அப்பள்ளி மாவட்டம் உச்ச நீதிமன்றம்வரை சென்று வாதாடியது. 1999இல் ஏழு நீதிபதிகள் மாணவன் பக்கமும் இருவர் மாவட்டத்தின் பக்கமும் நின்றனர். மாணவன் வென்றான். கொலராடோ மாநிலத்து டக்ளஸ் மாவட்டத்திலே மற்றொரு வழக்கு. ஊனமுற்ற குழந்தைக்கு ஒன்றுமில்லை என்பதற்குச் சற்று மேற்பட்ட முன்னேற்றம் கிட்டினால் போதும் என்பது பள்ளித் தரப்பின் வாதம். 2017இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளிற்று. பெயரளவு முன்னேற்றம் போதாது. அக்குழந்தையின் நிலைக்கேற்ற உண்மையான முன்னேற்றம் வேண்டும் என்றது.

வாஷிங்டனிடம் சென்று, இக்குழந்தைகளுக்காகப் பணம் தாருங்கள் என்று கேட்பதும் அதே வாரியங்கள். வழக்கு மன்றம் சென்று, இக்குழந்தைகளுக்குப் பணம் தர மாட்டோம் என்று வாதிடுவதும் அதே வாரியங்கள். ஒரே வாயால் இரண்டும் பேசலாமா? நெருக்கடி உண்மைதான், மறுக்கவில்லை. நடுவண் அரசின் வஞ்சனைதான் அந்நெருக்கடியின் தாய் என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் கடன்காரனிடம் வசூலிக்க முடியாதவன், கடன் படாத குழந்தையிடம் வசூலிப்பது எந்த அறத்தில் சேரும்?

ஆதலால் வாரியங்களே! வழக்குரைஞர்க்குக் கொடுக்கும் பணத்தை ஆசிரியர்க்குக் கொடுங்கள். ஆக்கிரமிப்பு போன்ற சொற்களைக் கணக்கேட்டிலிருந்து அடித்தெறியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுக் கூட்டத்தில், வாஷிங்டன் தர வேண்டிய தொகை இவ்வளவு, தந்தது இவ்வளவு, ஏமாற்றியது இவ்வளவு என்று மூன்று வரி எழுதி ஊர் மக்கள் முன் வையுங்கள். இசை வகுப்பு இழந்த தாயும், சக்கர நாற்காலிப் பிள்ளையின் தாயும் ஒரே பேருந்தில் ஏறி வாஷிங்டன் செல்லட்டும். அவர்கள் இருவரும் சேர்ந்து நின்றால் அந்த மாளிகையின் தூண்கள் நடுங்கும். பிரிந்து நின்றால் தூண்களுக்கு நிம்மதி!

காலம் கடந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச்சுத் திங்களில், நடுவண் கல்வித் துறையையே மூடுவதற்கு வேண்டியன செய்க என்று குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டார். சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அதை ஒழிக்க நாடாளுமன்றம் வேண்டும். ஆனால் சட்டத்தைக் காக்கும் காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஏடு மட்டும் எதைக் காக்கும்? பணம் தராதது முதல் வஞ்சனை. தந்தார்களா இல்லையா என்று கேட்கும் ஆளையும் அகற்றுவது அடுத்தது.

இளந்தோழர்களே! இது கடல் கடந்த நாட்டின் கதை. ஆனாலும் இதிலிருந்து எந்நாட்டு இளைஞனும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு சட்டம் வருகிறதென்றால் கைதட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு பணம்? எவர் பணம்? எந்நாள் வரும்? விடை இல்லையேல், உங்கள் கையில் இருப்பது உரிமைச் சாசனம் அன்று. அழகாக அச்சிட்ட அழைப்பிதழ். கருணை என்று வருவதைக் கைநீட்டி வாங்காதீர்கள். கடன் என்று சொல்லிக் கணக்கோடு கேளுங்கள்.

அரை நூற்றாண்டுக் காலமாக அமெரிக்கா அந்தக் கடனைச் சுமந்து நிற்கிறது. வட்டி வேண்டாம். அசல் நாற்பது வரட்டும்!